கவர்னரும் சட்டசபையும்

ஒரு மாநிலத்தின் சட்டசபை கூடி, விவாதித்து, வாக்கெடுத்து ஒரு மசோதாவை நிறைவேற்றுகின்றது. அது சட்டமாவதற்கு இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை இட வேண்டியவர் அம்மாநிலத்தின் கவர்னர். ஆளுநர் என்று இன்று வழங்குகிறோம். அவர் அதனை எத்தனை நாட்களுக்குள் இடுதல் வேண்டும்? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் மாணவர்கள் தயங்காமல் ஏதேனும் ஒரு கெடுவைச் சொல்லுவார்கள். ஒரு மாதம் என்பர் சிலர். ஆறு மாதம் என்பர் வேறு சிலர். நம் அரசியல் சட்டத்தின் 200ஆவது விதியை எடுத்துப் படித்தால் அங்கே எந்தக் கெடுவும் காணப்படாது. மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் இயன்ற விரைவில் அனுப்புதல் வேண்டும் என்ற அளவோடு அவ்விதி நின்றுவிடுகின்றது. இயன்றது எது, விரைவு எது என்று அது விளக்கவில்லை.

கவர்னர்களுக்கும் சட்டசபைகளுக்கும் இடையே நம் நாட்டில் எழுந்த பிணக்குகள் பல. அவற்றைக் கட்சிகளின் சண்டையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வரலாற்று மாணவன் சற்று எட்ட நின்று பார்த்தால், வேறொன்று புலப்படும். கவர்னருக்கு உள்ள பெரிய அதிகாரம் காலத்தின்மீது உள்ள அதிகாரமே. சட்டசபை சொல்லப்போகும் முடிவை முந்தச் செய்யவோ பிந்தச் செய்யவோ அவரால் இயலும். இயன்றபோது, அந்த முடிவே மாறிப்போவதும் உண்டு. இதனைச் சென்னை மாகாணத்தின் பழைய வரலாற்றிலிருந்து தொடங்கிக் கூற விரும்புகிறேன்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்கீழ், 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாகாணத் தேர்தல்கள் நடைபெற்றன. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பெற்றது. இத்தகைய பெரும்பான்மை கிடைத்தும் காங்கிரஸ் உடனே பதவி ஏற்கவில்லை. காரணம், அச்சட்டம் கவர்னருக்கு அளித்திருந்த விசேஷப் பொறுப்புகள். மந்திரிகளின் ஆலோசனையைப் புறக்கணித்துத் தம் விருப்பப்படி நடக்கும் உரிமை பல துறைகளில் கவர்னருக்கு இருந்தது. அவ்வுரிமையை அன்றாட ஆட்சியில் பயன்படுத்துவதில்லை என்ற வாக்குறுதி கிடைத்தால் அன்றிப் பதவி ஏற்பதில்லை என்று காங்கிரஸ் நின்றது. சென்னைக் கவர்னர் எர்ஸ்கின் பிரபு, கே. வி. ரெட்டி நாயுடுவின் தலைமையில் ஓர் இடைக்கால மந்திரி சபையை ஏப்ரல் முதல் தேதி அமைத்தார். பெரும்பான்மை இல்லாத அந்த மந்திரி சபை, சட்டசபையைக் கூட்டாமலே மூன்றரை மாதம் பதவியில் இருந்தது. ஜூன் மாதத்தில் வைசிராய் லின்லித்கோ பிரபு வெளியிட்ட விளக்கத்தால் ஓரளவு மனநிறைவு கொண்டு, ஜூலை நடுவில் ராஜாஜி முதன் மந்திரியானார். கவர்னரின் தனி உரிமை எவ்வளவு ஆபத்தானது என்று அன்று எடுத்துக் காட்டியவர்களுள் ராஜாஜி முன் நின்றவர். இதனை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பதினைந்து ஆண்டு கழித்து இது தேவைப்படும்.

சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபை புதிய சட்டத்தை எழுதத் தொடங்கியபோது, கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணமே முதலில் மேலோங்கி நின்றது. பின்னர் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. மக்கள் வாக்கால் வந்த கவர்னரும் மக்கள் வாக்கால் வந்த முதன் மந்திரியும் ஒரே மாநிலத்தில் இருந்தால் ஓர் உறையில் இரண்டு வாள் ஆகிவிடாதா என்று அஞ்சினர். 1949 மே 31 அன்று, கவர்னரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பது என்று முடிவாயிற்று. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆவது பிரிவில் மசோதாக்களைப் பற்றிக் கூறும் இடத்தில், கவர்னர் தம் விருப்புரிமைப்படி என்ற சொற்கள் இருந்தன. அப்பிரிவைத் தழுவி எழுதப்பட்டதே இன்றைய 200ஆவது விதி. ஆனால் அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்களின் நோக்கம் தெளிவானதே. ஆயினும் விருப்புரிமையை நீக்கியவர்கள் அந்த இடத்தில் ஒரு கெடுவைப் பொருத்த மறந்தார்களோ, அல்லது வேண்டாம் என்று விட்டார்களோ, அது பொருத்தப்படவில்லை. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய விதியின் வரைவில் ஆறு வாரம் என்று தெளிவாகவே எழுதியிருந்தனர். விவாதத்தின்போது அதனையும் அழித்து, இயன்ற விரைவில் என்று மாற்றினர். ஆறு வாரம் என்று எழுதினால் ஆறாவது வாரத்தின் கடைசி நாள்வரை காத்திருக்கும் மனப்பான்மை வரும். விரைவில் என்று எழுதினால் உடனே செய்வார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. பெரியவர்கள் எழுதிய சட்டம், பெரியவர்களே அதனை நடத்துவார்கள் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது.

இனி 1952க்கு வருவோம். குடியரசின் முதற் பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டசபைக்கு 375 இடங்கள். அப்போது ஆந்திரப் பகுதியும் மலபாரும் சென்னை ராஜ்யத்திலேயே இருந்தன. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றனர். பெரும்பான்மைக்கு 188 வேண்டும். இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ராஜபாளையத்துக்காரரான முதன் மந்திரி பி. எஸ். குமாரசாமி ராஜாவே தேர்தலில் தோற்றுப்போனார். ஆந்திர கேசரி என்று போற்றப்பட்ட டி. பிரகாசம் காங்கிரஸ் அல்லாத கட்சிகளைச் சேர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி ஒன்றை அமைத்து, தமக்கு 166 பேரின் ஆதரவு உண்டு என்று கவர்னரிடம் உரிமை கோரினார். முதுகுளத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்த உ. முத்துராமலிங்கத் தேவரின் பார்வர்டு பிளாக் பிரிவும் அந்த முன்னணியில் இருந்தது.

கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? அவர் ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி அத்தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை மந்திரியாகவும் இருந்து ஓய்வு பெற்றிருந்தவர் அவர். அவரை முதலில் மேல்சபைக்கு நியமனம் செய்து, பின்னர் தனிப்பெருங் கட்சியின் தலைவர் என்ற முறையில் 1952 ஏப்ரல் 10 அன்று முதன் மந்திரியாக்கினார் கவர்னர். கொல்லைப்புற வழியாக நுழைந்தவர் என்று எதிர்க்கட்சியினர் ஏசினர். மதுரையிலிருந்து தேர்வு பெற்ற கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி இந்த நியமனம் செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். பி. வி. இராஜமன்னார் தலைமை நீதிபதியாக இருந்த சென்னை உயர்நீதி மன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. இராஜமன்னாரின் பெயரையும் நினைவில் கொள்க. அவரைப் பின்னர் இருமுறை சந்திக்க இருக்கிறோம்.

ஸ்ரீபிரகாசாவின்மேல் முழுப் பழியையும் சுமத்துவது நேர்மை ஆகாது. எதிர்த்தரப்புக்கும் 188 இல்லை. 166 பேர் என்று அவர்கள் சொன்ன கணக்கும் பல சிறு கட்சிகளின் கூட்டு. தனிப்பெருங் கட்சியை முதலில் அழைப்பது பிரிட்டிஷ் மரபுக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. முதன் மந்திரியைக் கவர்னர் நியமிப்பார் என்றுதான் 164ஆவது விதி கூறுகின்றதே தவிர, எவரை என்று கூறவில்லை. ஆகவே ஏப்ரல் 10ஆம் தேதியைப் பற்றி இரு தரப்பிலும் வாதிக்க இடம் உண்டு. என் கவனம் வேறொரு தேதியின்மேல் செல்கின்றது. ராஜாஜி சட்டசபையின் நம்பிக்கையைப் பெற்ற நாள் ஜூலை 3. ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன.

152 எவ்வாறு 200 ஆயிற்று? ஏப்ரல் 10க்கும் ஜூலை 3க்கும் இடையே எண்பத்து நான்கு நாட்கள். அந்த நாட்களில் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சியினர் அறுவர் முன்னணியை விட்டு இப்பக்கம் வந்தனர். மாணிக்கவேலு நாயகர் மந்திரியானார். இராமசாமிப் படையாச்சியின் உழைப்பாளர் கட்சிக்கு இருந்த 19 பேரின் ஆதரவும் கிடைத்தது. சுயேச்சைகள் வந்தனர். எங்கள் பகுதியிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமானால், இராமநாதபுரம் தொகுதியில் சுயேச்சையாக வென்ற அரசர் சண்முக ராஜேசுவர சேதுபதி ராஜாஜியின் மந்திரி சபையில் வணிக வரித்துறை மந்திரியாக விளங்கினார். ஒரே சேதுநாட்டு மண்ணிலிருந்து சென்ற தேவர் எதிர் வரிசையிலும் சேதுபதி மந்திரிகள் வரிசையிலும் அமர்ந்தனர். பதவியில் அமர்ந்துவிட்ட ஒரு மந்திரி சபையைச் சுற்றி ஆதரவு திரள்வது உலக இயல்பு. பிரகாசத்துக்கு அந்த எண்பத்து நான்கு நாட்கள் அளிக்கப்பட்டிருந்தால் அவர் பக்கத்துத் தொகை எவ்வளவாயிருக்கும் என்று எவரும் கூற இயலாது. கவர்னர் பெரும்பான்மையை உண்டாக்கவில்லை. பெரும்பான்மை உண்டாவதற்கு வேண்டிய நாட்களை ஒரு தரப்புக்கு அளித்தார்.

1937இல் கவர்னரின் விருப்புரிமைக்கு எல்லை கேட்ட ராஜாஜி, 1952இல் அதே விருப்புரிமையின் வழியே பதவிக்கு வந்தார் என்பதை வரலாறு புன்சிரிப்போடு குறித்து வைத்திருக்கின்றது. இன்னுமொன்று: தேர்தலில் தோற்ற குமாரசாமி ராஜா 1954இல் ஒரிஸ்ஸாவின் கவர்னராக நியமனம் பெற்றார்.

பின்னர் நடந்தவற்றுள் சிலவற்றை விரைந்து கூறிச் செல்கிறேன். 356ஆவது விதியின்கீழ்த் தமிழ்நாட்டின் மந்திரி சபை 1976 ஜனவரி 31 அன்றும், 1980 பிப்ரவரி 17 அன்றும், 1991 ஜனவரி 30 அன்றும் நீக்கப்பட்டது. இவற்றுள் மூன்றாவது குறிப்பிடத்தக்கது. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா, மந்திரி சபையை நீக்குமாறு அறிக்கை அனுப்ப மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலே மந்திரி சபை நீக்கப்பட்டது. வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்ட பர்னாலா அப்பதவியை ஏற்காமல் விலகினார். 1994 மார்ச் 11 அன்று பொம்மை வழக்கில் உச்ச நீதி மன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், ஒரு மந்திரி சபைக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டசபையின் தளத்திலேயே பார்க்க வேண்டும், கவர்னரின் மாளிகையில் அன்று என்று உறுதிப்படுத்தினர். அதன் பின்னர் 356ஆவது விதியின் கை தளர்ந்தது என்றே கூறலாம்.

முற்றிலும் தளர்ந்துவிடவில்லை என்பதற்குச் சான்று, இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஒருவரின் வாழ்க்கையில் கிடைக்கின்றது. 2005 பிப்ரவரியில் நடந்த பீகார்த் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. தேர்வு பெற்ற உறுப்பினர்கள் சட்டசபையில் ஒரு நாளேனும் கூடியதில்லை. கட்சிகள் பேரம் பேசி ஆட்சி அமைக்க முயல்கின்றன என்று கவர்னர் பூட்டா சிங் அறிக்கை அனுப்பினார். மத்திய மந்திரி சபை மே 22ஆம் தேதி நள்ளிரவில் கூடி, அச்சட்டசபையைக் கலைக்குமாறு பரிந்துரைத்தது. அப்போது குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மாஸ்கோ நகரில் இருந்தார். அங்கே சென்ற ஆணையில் அவர் கையெழுத்திட்டார். உச்ச நீதி மன்றம் அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2005 அக்டோபரில் ஆணையிட்டு, 2006 ஜனவரியில் விரிவான தீர்ப்பளித்தது. பூட்டா சிங் பதவி விலகினார். கலாமும் விலகுவதற்காகக் கடிதம் எழுதி வைத்திருந்தார் என்பதையும், பிரதமர் மன்மோகன் சிங் வேண்டியதால் அதனைக் கைவிட்டார் என்பதையும் அவரே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்த விரிவான தீர்ப்பு வருவதற்குள் பீகாரில் மறு தேர்தலே நடந்து முடிந்திருந்தது. கலைக்கப்பட்ட சட்டசபைக்கு உயிர் திரும்பவில்லை. இங்கும் நாட்கணக்கே வழக்கின் பயனைத் தீர்மானித்தது.

அதே கலாம் அதே 2006ஆம் ஆண்டில் செய்த மற்றொரு செயலை மாணவர்கள் அதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். ஊதியம் தரும் பதவிகளைப் பற்றிய ஒரு மசோதாவைப் பார்லிமெண்டு மே மாதத்தில் நிறைவேற்றியது. கலாமுக்கு அதில் ஐயங்கள் இருந்தன. மே 30 அன்று, தம் ஐயங்களை எழுதி, மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்டு அதனை மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. ஆகஸ்டு 18 அன்று அவர் கையெழுத்திட்டார். அவரது ஐயம் சரியா, பார்லிமெண்டின் முடிவு சரியா என்பது வேறு விவாதம். திருப்பி அனுப்பும் உரிமையை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணத்தைச் சொன்னார், காலம் தாழ்த்தாமல் சொன்னார், மக்கள் மன்றம் தன் முடிவில் நின்றபோது அதற்கு இணங்கினார்.

தமிழ்நாட்டில் அண்மையில் நடந்ததை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை சட்டசபை நிறைவேற்றி அனுப்பிய பன்னிரண்டு மசோதாக்கள் கவர்னர் மாளிகையில் தேங்கின. அவற்றுட் பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர்களை யார் நியமிப்பது என்பது பற்றியவை. 2021 செப்டம்பரில் பொறுப்பேற்ற கவர்னர் ஆர். என். ரவிக்கும் மந்திரி சபைக்கும் இடையே மனவேற்றுமை வளர்ந்தது. 2023 ஜனவரியில் சட்டசபையில் கவர்னர் உரையின் சில பகுதிகளை அவர் படிக்காமல் விட்டதும், அவையை விட்டு வெளியேறியதும் பெரிய செய்திகளாயின. இவை கண்ணுக்குத் தெரிந்த பூசல்கள். கண்ணுக்குத் தெரியாத தேக்கமே பெரிது. 2023 ஏப்ரல் 10 அன்று, மசோதாக்களுக்குக் கால எல்லை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கத்தையும் குடியரசுத் தலைவரையும் வேண்டிச் சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ராஜாஜி பதவி ஏற்ற அதே ஏப்ரல் 10. எழுபத்தோர் ஆண்டு கழிந்த ஏப்ரல் 10. முந்திய அக்டோபரில் நிறைவேறிய இணையச் சூதாட்டத் தடை மசோதாவுக்கு அதே நாளில் கவர்னரின் ஒப்புதல் வந்தது.

வழக்கு உச்ச நீதி மன்றத்துக்குச் சென்றது. 2023 நவம்பர் 13 அன்று கவர்னர் பத்து மசோதாக்களை ஒப்புதல் மறுத்துத் திருப்பினார். நவம்பர் 18 அன்று சட்டசபை சிறப்பாகக் கூடிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. இரண்டாம் முறை வந்த மசோதாவுக்கு ஒப்புதலை மறுக்க இயலாது என்பது 200ஆவது விதியின் வாசகம். கவர்னரோ நவம்பர் 28 அன்று பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகிய இருவரும் இவ்வாறு அனுப்பியது சட்ட விரோதம் என்றனர். பத்து மசோதாக்களும் 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் பெற்றனவாகக் கொள்ளப்படும் என்றும் ஆணையிட்டனர். சூழ்நிலைக்கேற்ப ஒரு மாதம், மூன்று மாதம் என்று கவர்னர்களுக்குக் கெடுவும் விதித்தனர். 1949இல் எழுதாமல் விட்ட எண்ணை நீதி மன்றம் எழுதிச் சேர்த்தது எனலாம்.

அந்த எண் நெடுநாள் நிற்கவில்லை. 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் 143ஆவது விதியின்கீழ்ப் பதினான்கு கேள்விகளை உச்ச நீதி மன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி கவாய் தலைமையில் ஐந்து நீதிபதிகள் நவம்பர் 20 அன்று விடை கூறினர். அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவை நீதி மன்றம் விதிக்க இயலாது. ஒப்புதல் பெற்றதாகக் கொள்வது என்ற முறையும் சட்டத்தில் இல்லை. ஆயினும் மசோதாவைத் திருப்பியும் அனுப்பாமல் ஒப்புதலையும் மறுத்துக் கிடப்பில் போடும் உரிமை கவர்னருக்குக் கிடையாது. காரணமின்றி நீண்ட காலம் வாளா இருந்தால், ஒரு முடிவு எடுக்குமாறு மட்டும் நீதி மன்றம் கூறலாம். இதுவே அவர்களின் விடை. நீண்ட காலம் என்றால் எவ்வளவு? மீண்டும் இயன்ற விரைவில் என்ற பழைய வாசலிலேயே வந்து நிற்கிறோம். சட்டத்தைப் படித்த அளவில் ஐவரின் கருத்தில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகின்றது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் வேலை பார்லிமெண்டுக்கு உரியது. ஆனால் அந்நியாயத்தின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு சிலர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தபின், அவ்விடம் நெடுங்காலம் நிரப்பப்படாமலே கிடந்தது. அங்கே மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவன் ஒருவனுக்கு அக்காலம் தன் படிப்பின் பெரும்பகுதி.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன இராஜமன்னாரிடம் இப்போது திரும்புவோம். நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் அவர் நான்காவது நிதிக் கமிஷனின் தலைவரானார். மத்திய அரசாங்கம் திரட்டும் வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்து சொல்லும் சபை அது. 280ஆவது விதி அதனைப் படைத்தது. 1965இல் அறிக்கை தந்தபோது இராஜமன்னார் ஒன்றைக் கண்டார். பணத்தைப் பங்கிடுவதற்கென்று அரசியல் சட்டம் ஏற்படுத்திய நிதிக் கமிஷன் ஒரு பக்கம் இருக்க, மந்திரி சபைத் தீர்மானம் ஒன்றால் 1950இல் பிறந்த திட்டக் கமிஷன் மறுபக்கத்தில் பெருந்தொகைகளை மானியமாக வழங்கி வந்தது. முன்னதற்கு விதி உண்டு, பின்னதற்கு இல்லை. பொதுநோக்கம் எதற்கும் மானியம் வழங்கலாம் என்று அனுமதிக்கும் 282ஆவது விதியே அதற்கு வாயில். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அவ்விதி சொல்லவில்லை. 1969 செப்டம்பரில் மு. கருணாநிதியின் அரசாங்கம் மத்திய மாநில உறவுகளை ஆராய ஒரு குழுவை அமைத்தபோது அதன் தலைமையும் இராஜமன்னாருக்கே வந்தது. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் பி. சந்திரா ரெட்டியும் உடன் இருந்தனர். 1971 மே மாதம் தந்த அறிக்கையில், 356ஆவது விதியை நீக்குக என்றும், நிதிக் கமிஷனை நிரந்தரமாக்குக என்றும் அக்குழு கூறியது. கவர்னரைப் பற்றியும் கஜானாவைப் பற்றியும் ஒரே அறிக்கையில் பேசியது பொருத்தமே. சட்டம் இயற்றவிடாமல் தடுப்பதும், இயற்றிய சட்டத்தை நடத்தப் பணம் இல்லாமற் செய்வதும் சட்டசபைக்கு ஒரே விளைவைத்தான் தரும்.

பள்ளி, மருத்துவமனை, காவல், பாசனம் ஆகிய செலவுகள் மாநிலத்தினுடையவை. வருமான வரி, சுங்கம் போன்ற வளமான வரிகள் மத்திய அரசாங்கத்தினுடையவை. 2017 ஜூலை முதல் விற்பனை வரியின் பெரும்பகுதியும் சரக்கு சேவை வரியில் கலந்துவிட்டது. அதன் கவுன்சிலில் மத்திய அரசாங்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு வலிமை; எந்தத் தீர்மானத்துக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குத் தெரிந்த மாணவர்கள் இதன் பொருளைத் தாமே கண்டுகொள்வர்: மத்திய அரசாங்கம் மறுத்தால் எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் தீர்மானம் நிறைவேறாது. பகிரும் வரித்தொகையில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் வகுத்தது. செஸ், மேல்வரி என்ற பெயரில் திரட்டுபவை இந்தப் பகிர்வில் சேர்வதில்லை. மாநிலங்களுக்குரிய தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்பதாவது கமிஷன் காலத்தில் 7.931 சதவீதமாக இருந்தது. பதினைந்தாவது கமிஷன் காலத்தில் 4.079 சதவீதமாகக் குறைந்தது.

இக்குறைவைச் சொல்லிச் சினம் கொள்வது எளிது. வறண்ட இராமநாதபுரத்துக்காரனாகிய நான் அதில் சற்றுத் தயங்குகிறேன். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது என்ற கொள்கை தவறென்றால், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திரளும் வரியிலிருந்து எங்கள் நயினார்கோவில் வட்டாரத்துக்குச் சாலையும் குடிநீரும் வருவதும் தவறாகிவிடும். வையையின் கடைக்கோடியில் இருப்பவர்கள் நாங்கள். மேலே உள்ள கண்மாய்கள் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழே உள்ள கண்மாய்களுக்கு நீர். பகிர்வின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் மடையைத் திறக்க வருபவர், வயலில் நான் சொன்ன பயிரை இட்டாயா என்று கேட்டுத் திறப்பதில்லை. முறை வந்தால் திறக்க வேண்டியவர் அவர். பங்கு சிறிதா பெரிதா என்பது ஒரு கேள்வி. பங்கு உரிய பருவத்தில் நிபந்தனையின்றி வருமா என்பது அதனினும் பெரிய கேள்வி. நடவுக்கு வராத நீர் அறுவடைக்கு வந்து என்ன பயன்?

இதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசாங்கம் 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் செலவிடுகின்றன. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய். பி. எம். ஸ்ரீ பள்ளிகள் என்ற வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதில் கையெழுத்திட்டால் புதிய தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றதாகும், மும்மொழித் திட்டமும் உடன் வரும் என்பது மாநிலத்தின் மறுப்பு. சமக்ர சிக்ஷா அக்கல்விக் கொள்கையோடு இணைந்த திட்டம், ஆதலால் கையெழுத்தின்றிப் பணம் இல்லை என்பது மத்திய அரசாங்கத்தின் வாதம். அந்த ஆண்டுக்குரிய தொகை அந்த ஆண்டு முடியும்வரை வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு, 131ஆவது விதியின்கீழ், வட்டியும் சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதி மன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

கல்விக் கொள்கையின் நன்மை தீமையை ஆராய இங்கே நேரம் இல்லை. ஒரு மாநிலச் சட்டசபை ஏற்காத கொள்கை ஒன்றை, வேறொரு தலைப்பில் வரும் பணத்தின் வழியாக ஏற்கச் செய்யலாமா என்பதே அரசியல் சட்ட மாணவன் கேட்க வேண்டியது. கூடாது என்பது என் துணிபு. இக்கேள்விக்குச் சட்டசபையில் வாக்கெடுக்க இடமில்லை. கவர்னரின் கையெழுத்தைப் போலவே இங்கும் காத்திருப்பது ஒன்றே வழி. காத்திருந்தவர்கள் யார் என்பதையும் கூறிவிடுகிறேன். தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் நான்கில் ஒரு பங்கு இடங்களை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் செலவும் இந்தத் திட்டத்தின் பணத்தில் அடங்கியது. 2025-26ஆம் கல்வியாண்டுக்கு அவ்விடங்களுக்கான சேர்க்கை வழக்கம்போல் கோடையில் தொடங்கவில்லை. ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தன. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் கழிந்தன. மத்திய நிதியில் ஒரு பகுதி வந்துசேர்ந்த பின்னர், அக்டோபர் மாதத்தில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது.